பள்ளி வாயிலில் காப்பாளர்

சேர்க்கைப் படிவத்தில் ‘பெற்றோர் அல்லது காப்பாளர்’ என்ற வரியில் கையெழுத்திடத் தாய்மாமன் வந்து நிற்பதை ஆசிரியர்கள் கண்டிருப்பர். பிள்ளை அவர் வீட்டில்தான் உண்டு உறங்குகிறது. ஆயினும், சட்டத்தின் கண்ணில் அவர் காப்பாளர்தாமா?

காப்பாளர் சட்டம் பெரும்பாலும் பிள்ளையின் சொத்தைக் கருதி வளர்ந்தது. இங்கிலாந்தில் 1660ஆம் ஆண்டுச் சட்டம், 21 வயதுக்குட்பட்ட தம் மக்களுக்கு மரண சாசனத்தின் வழிக் காப்பாளரை நியமிக்கத் தந்தைக்கு இடந்தந்தது. பிள்ளைக்குச் சொத்து இல்லாவிடில் தன் அதிகாரத்தைச் செலுத்த நீதிமன்றத்துக்கு வழியில்லை என எல்டன் பிரபு 1827இல் வெளிப்படையாகவே கூறினார். ஏழைப் பிள்ளை அத்தையிடம் வளர்ந்தால் வளர்ந்தது; அதைக் கேட்பார் எவருமிலர்.

பள்ளிக்கூடம் வந்தபின் நிலை மாறிற்று. 1870ஆம் ஆண்டு ஆங்கிலத் தொடக்கக் கல்விச் சட்டம், ‘பெற்றோர்’ என்ற சொல்லுக்குள் பிள்ளையை உண்மையில் தம்மிடம் வைத்திருப்பவரையும் அடக்கிற்று. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதவரைத் தண்டிக்க வேண்டுமன்றோ? கடமையைச் சுமத்துங்கால் மாமனும் பெற்றோரே! உரிமையை வேண்டி அதே மாமன் வருங்கால் சட்டம் வேறு முகம் காட்டிற்று.

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு இதற்குச் சான்று. டெக்சஸ் மாநிலத்து மெக்கல்லன் நகரில் 1969இல் ஒரு சிறுவன் பிறந்தான். பிறப்பால் அமெரிக்கக் குடிமகன். பெற்றோரோ மெக்சிகோ நாட்டினர். ஆற்றுக்கு அப்பாலுள்ள ரெய்னோசாவில் வாழ்ந்தனர். 1977இல் அவன் பள்ளிக்கெனவே மெக்கல்லனில் உள்ள தமக்கை வீட்டுக்கு வந்தான். தமக்கை அவனை வளர்த்தாள். ஆனால் சட்டப்படியான காப்பாளராக அவள் விரும்பவில்லை. பெற்றோரையோ காப்பாளரையோ பிரிந்து வாழும் பிள்ளை, முதன்மையாகப் படிப்பதற்கென்றே அவ்வூருக்கு வந்திருந்தால் இலவசக் கல்வி இல்லை என்பது மாநிலச் சட்டம். படிக்க வந்தேன் என்று மெய் சொன்னதே அவனுக்கு இடையூறாயிற்று.

வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1983 மே 2ஆம் நாள், 8 நீதிபதிகள் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாகச் சட்டம் செல்லுமெனத் தீர்ப்பளித்தனர். உண்மையான குடியிருப்பை ஓர் ஊர் கோரலாம் என்று நீதிபதி பவல் எழுதினார். அவ்வூரிலேயே தங்கிவிடக் கருதும் பிள்ளையையும் இச்சட்டம் விலக்குகிறதே என்று மாறுபட்டவர் நீதிபதி மார்ஷல். அவர் கூற்றே வலியது. விந்தை என்னவெனில், முந்தைய ஆண்டில்தான், அதே டெக்சஸில், குடியேற்ற ஆவணமில்லாத பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வியை மறுக்கலாகாதென அந்நீதிமன்றம் தீர்த்திருந்தது. குடிமகனான சிறுவனுக்கோ தமக்கையின் வீடு போதவில்லை. வழக்குத் தொடங்கியபோது எட்டு வயதினன். தீர்ப்பு வருகையில் பதின்ம வயதை எட்டியிருந்தான்.

மலாயாவில் 1961ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் தந்தையையே காப்பாளராக வைத்தது. அவர் இருக்கையில் பெற்ற தாய்க்கே சம உரிமை இல்லை. 1999ஆம் ஆண்டுத் திருத்தமே அதனை வழங்கிற்று. அத்தை, மாமன், பாட்டி ஆகியோர் காப்பாளராக வேண்டின் நீதிமன்றப் படியேற வேண்டும்.

கலிபோர்னியா மாநிலம் 1994இல் வேறு வழி கண்டது. பிள்ளை தம் வீட்டில் வாழ்கிறது என்று, 18 வயது நிரம்பிய பராமரிப்பாளர் உறுதிமொழிப் படிவத்தில் ஒப்பமிட்டால் பள்ளி அப்பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும். நீதிமன்ற ஆணை வேண்டியதில்லை.