காதிரைச்சல்: சேர்வராயன் மலைப்பகுதி மக்கள் அறிய வேண்டியவை

வெளியில் ஒலி ஏதுமில்லாதபோதும் காதினுள்ளோ தலையினுள்ளோ இரைச்சல், ரீங்காரம், சீழ்க்கை அல்லது சில்வண்டு கத்துவது போன்ற ஓசை கேட்பது காதிரைச்சல் எனப்படும். இது தனி நோயன்று, ஓர் அறிகுறி. இது மனப்பிரமையும் அன்று. உட்செவியிலுள்ள நுண்ணிய மயிர்ச்செல்கள் சேதமடையும்போது மூளைக்குச் செல்லும் ஒலிச் சைகை குறைகிறது. அக்குறையை ஈடுசெய்ய மூளை தன் உணர்திறனை உயர்த்திக்கொள்வதே இவ்வோசைக்குக் காரணம் எனப் பெரிதும் கருதப்படுகிறது. ஆகவே, பலருக்கு இதனுடன் கேட்கும் திறன் குறைவும் காணப்படுகிறது.

மலையில் வாழ்வோர் இரவில் இதனை மிகுதியாக உணர்கின்றனர். சூழல் அமைதியாக இருக்கும்போது இரைச்சலை மறைக்க வேறு ஒலி இருப்பதில்லை. நோய் முற்றிவிட்டது என்பது இதன் பொருளன்று.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கும் பயணத்தில் காற்றழுத்தம் மாறுவதால் காது அடைத்து இரைவது இயல்பே. ஏறும்போதைவிட இறங்கும்போதே தொல்லை மிகுதி. நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழல் அப்போது எளிதில் திறப்பதில்லை. எச்சில் விழுங்குதல், கொட்டாவி விடுதல் ஆகியன உதவும். கைக்குழந்தைக்குப் பாலூட்டலாம். சளி பிடித்திருப்பின் பயணத்தைத் தள்ளிவைப்பது நன்று. சமவெளிக்கு வந்த பின்னரும் அடைப்பும் இரைச்சலும் சில நாட்கள் நீடித்தால் காதைப் பரிசோதிக்க வேண்டும்.

நெடுநாள் இரைச்சலுக்குப் பெருஞ்சத்தம் முக்கியக் காரணமாகும். 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்திற்கு மேல் கேட்பது தீங்கு; ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. காப்பித் தோட்டங்களில் நிழல்மரம் கழிக்கப் பயன்படும் மரம் அறுக்கும் இயந்திரம் 100 டெசிபலைத் தாண்டக்கூடும். அந்த அளவில் கால் மணி நேரமே வரம்பு. பஞ்சு வைப்பது போதாது. காதுக் கவசமோ செவி அடைப்பானோ அணிய வேண்டும்.

காதுக்குறும்பி, செவிப்பறைத் துளை, சீழ் வடிதல், முதுமை, உயர் இரத்த அழுத்தம், இரத்தசோகை ஆகியனவும் காரணமாகலாம். மிகுதியான அளவில் ஆஸ்பிரின், காசநோய்க்குச் சில வேளைகளில் தரப்படும் அமிகாசின் ஊசி போன்றவையும் இரைச்சலை உண்டாக்கும். ஆயினும் மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். சூடாக்கிய எண்ணெயைக் காதில் ஊற்றுவதும் ஊக்கு, கொண்டை ஊசி கொண்டு குடைவதும் இன்னும் வழக்கத்தில் உள்ளன. இவற்றைக் கைவிடுக.

திடீரென ஒரு காது கேட்காமற்போய் இரைச்சலும் தோன்றினால் அது அவசர நிலை. ‘சளி இறங்கினால் சரியாகிவிடும்’ என வாரக்கணக்கில் காத்திருப்போர் உளர். சிகிச்சை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு அதிகம். முகம் கோணுதல், கை கால் வலுவிழத்தல், கடும் தலைசுற்றல், தலைக்காயம் ஆகியவற்றுடன் இரைச்சல் வந்தால் 108 ஊர்தியை அழைக்கவும். ஒரு காதில் மட்டும் நீடிக்கும் இரைச்சலையும், நாடித்துடிப்போடு ஒத்து ஒலிக்கும் இரைச்சலையும் காலந்தாழ்த்தாது நிபுணரிடம் காட்ட வேண்டும்.

மற்றையோர் முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ ஏற்காடு அரசு மருத்துவமனையையோ அணுகலாம். குறும்பி, தொற்று, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அங்கேயே பார்க்க இயலும். செவித்திறன் அளவீடு தேவைப்படின் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குச் செல்லவும். இரைச்சல் தொடங்கிய நாள், எந்தக் காது, செய்யும் தொழில் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டும், உட்கொள்ளும் மருந்துகளைக் கையோடு எடுத்துக்கொண்டும் செல்வது பயன்தரும். மலையிலிருந்து இன்னொருமுறை இறங்கும் அலைச்சல் மிஞ்சும்.

காதிரைச்சலை அடியோடு நீக்கும் என நிறுவப்பட்ட மாத்திரை எதுவும் இன்றுவரை இல்லை. அவ்வாறு கூறும் விளம்பரங்களுக்குப் பணம் செலவிட வேண்டாம். கேட்கும் திறன் குறைந்தோருக்குச் செவித்துணைக் கருவி இரைச்சலையும் தணிக்கக்கூடும். படுக்கையறையில் மின்விசிறியோ மெல்லிய வானொலி ஒலியோ இருப்பது உறக்கத்திற்கு உதவும். அறிதல்சார் நடத்தைச் சிகிச்சை ஓசையை அகற்றாவிடினும் அதனால் வரும் துன்பத்தைக் குறைப்பது ஆய்வுகளில் தெளிவாகியுள்ளது. வீட்டிலுள்ளோர் ‘எங்களுக்குக் கேட்கவில்லையே’ என்று தட்டிக்கழிக்காது நோயாளி சொல்வதை நம்ப வேண்டும். உறக்கமின்மையோ மனச்சோர்வோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ ஏற்பட்டால் டெலி மானஸ் 14416 எண்ணிலும், பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணிலும் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.