களியின் கதவும் மணலின் வாசலும்: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் மண்ணடுக்கும் நீர்க்கசிவும்

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது. புதுச்சேரியில் ஓர் ஆண்டு முழுவதற்கும் பெய்யும் சராசரி மழை 120, 130 செ.மீ. அளவில்தான் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு பகல் ஓர் இரவில் வந்து சேர்ந்தது. அந்த மழையில் எவ்வளவு மண்ணுக்குள் போயிருக்க முடியும் என்ற கேள்வியிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது.

48 செ.மீ. மழையை 24 மணி நேரத்துக்குச் சீராகப் பகிர்ந்தால் மணிக்கு 20 மி.மீ. ஆகிறது. பாசனப் பொறியியல் கையேடுகள் தரும் பொது அளவுகளின்படி, ஈரம் நிறைந்தபின் மணல் நிலம் மணிக்கு 30 மி.மீட்டருக்கு மேல் நீரை உள்ளே விடும். மணற்பாங்கான செம்மண் 20 முதல் 30 வரை. களிமண் 1 முதல் 5 வரை. அப்படியானால் மணல் நிலம் அந்த மழை முழுவதையும் விழுங்கியிருக்கலாம். களி நிலமோ மிகுதியாகப் போனால் 12 செ.மீ., குறைவாகப் போனால் 2.4 செ.மீ. மட்டுமே ஏற்றிருக்கும், மீதி முழுவதும் வெள்ளம். மழை சீராகப் பெய்வதில்லை, நிலத்தடி நீர் மேலே இருந்தால் மணலும் நிரம்பிவிடும் என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆயினும் ஒரே வானத்தின் கீழ், சில கி.மீ. இடைவெளியில், ஒரே மழை இருவேறு பொருளாகிவிடுவதை இது காட்டுகிறது. பாகூரின் தென்பகுதி ஊர்கள் அடுத்த சில நாள்களில் தென்பெண்ணை வெள்ளத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருந்தது.

வெள்ளம் வடிந்ததும் எழும் பேச்சு நமக்குத் தெரிந்ததே: ஏரி குளங்களைத் தூர்வாரியிருந்தால் இந்த நீரெல்லாம் நிலத்தடியில் சேர்ந்திருக்கும். தூர்வாரினால் கொள்ளளவு கூடும் என்பதில் ஐயமில்லை. எல்லா இடத்திலும் நிலத்தடி நீரும் கூடும் என்பதைத்தான் இக்கட்டுரை மறுக்கிறது. அது சில இடங்களில் உண்மை. சில இடங்களில் ஏறக்குறைய முழுப் பொய். எங்கே உண்மை, எங்கே பொய் என்பதைத் தீர்மானிப்பது தோண்டும் ஆழம் அன்று. கீழே எந்த மண் எந்த மண்ணின்மேல் படுத்திருக்கிறது என்பதே.

இதன் அடிப்படை விதியைக் கண்டவர் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி தார்சி. தம் ஊரான திஷோனின் குடிநீர்க் குழாய்கள் பற்றி அவர் 1856இல் வெளியிட்ட நூலின் பிற்சேர்க்கையில், மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்திப் பார்த்த சோதனைகள் உள்ளன. நீரோட்டம் இரு முனைகளுக்கு இடையிலான நீர்மட்ட வேறுபாட்டுக்கு நேர் விகிதத்திலும், நீர் கடக்கும் தொலைவுக்கு எதிர் விகிதத்திலும் அமையும். மண்ணின் இயல்பு அதைப் பெருக்கும் அல்லது சுருக்கும். இந்த மூன்றாவது காரணிதான் மற்ற இரண்டையும் விழுங்கிவிடுகிறது. பருமணலுக்கும் இறுகிய களிக்கும் நீரை விடும் திறனில் உள்ள வேறுபாடு ஒரு கோடி மடங்கையும் எட்டும்.

தூர்வாரும் கேள்விக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். ஒரு குளத்தின் அடியில் நல்ல மணல். அதன்மேல் 10 செ.மீ. களிப்படிவு. களி மணலைவிட ஆயிரம் மடங்கு மெதுவாக நீரை விடுகிறது என்று கொள்வோம். அந்த 10 செ.மீ. களி நீருக்குக் காட்டும் தடை 100 மீட்டர் மணல் காட்டும் தடைக்குச் சமம். அதைச் சுரண்டி எடுத்தால் குளத்தின் குணமே மாறிவிடும். இதற்கு மாறாக, அடியில் 8 மீட்டர் களி உள்ள ஏரியில் 1 மீட்டர் மண்ணை வெட்டி எடுத்தால் தடை எட்டில் ஒரு பங்கு மட்டுமே குறைகிறது. முதல் குளத்தில் ஒரு கோடைக்காலத்து மண்வெட்டி வேலை சாதிப்பதை, இரண்டாவதில் பொக்லைன்களின் படையே வந்தாலும் சாதிக்க முடியாது. இரண்டுக்கும் ஒரே மதிப்பீட்டுப் படிவம், ஒரே ஆழம் என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

பாகூர்ச் சமவெளி பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. தென்பெண்ணையும் மலட்டாறும் சங்கராபரணியும் கொண்டுவந்து பரப்பிய வண்டலும் களியும் இங்கே தடித்துக் கிடக்கின்றன. 9ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு பாகூரின் வித்தியாஸ்தானத்துக்கு ஊர்களைத் தானம் செய்ததைச் சொல்கிறது. ஒரு கல்விச்சாலையை ஊர் வருவாயால் நடத்தும் அளவுக்கு விளைந்த மண் இது. அந்த வளத்துக்குக் காரணம் களி நீரைப் பிடித்துவைப்பதே. ஒரு மீட்டர் ஆழக் களி, பயிருக்குப் பயன்படும் நீராக 175 முதல் 250 மி.மீ. வரை தாங்கும், மணலில் அது 100ஐத் தாண்டாது.

உழவர் இதோடு நிற்பதில்லை. நடவுக்கு முன் வயலில் நீரைக் கட்டி, சேறாக உழுது, பரம்படித்து, மண்ணின் பெருந்துளைகளை வேண்டுமென்றே அடைக்கிறார். ஆண்டாண்டாக உழுத வயலில் ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்தில் இறுகிய தளம் ஒன்று உருவாகிவிடுகிறது. சேறடித்த களி வயலில் நாளொன்றுக்கு 1 முதல் 5 மி.மீ. நீரே கீழிறங்கும், மணற்பாங்கான வயலில் 25, 30 மி.மீ. கூட இறங்கும். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம் காணும் நெல் நிலம் என்பது நீர் கீழே போகாதபடி தலைமுறைகளாகப் பூசி மெழுகிய தரை. அதன்மேல் தேங்கும் மழை நிலத்தடியை நிரப்பவில்லையே என்று குறைப்படுவது, நெல்லைக் கேட்டுக்கொண்டே நெல்லுக்கு வேண்டிய மண்ணை நொந்துகொள்வதாகும்.

களியிடம் ஒரு விதிவிலக்கு உண்டு. கோடையில் அது வெடிக்கிறது. கை நுழையும் அளவு வெடிப்புகள் விழுந்த வயலில் பெய்யும் முதல் மழை, மேல்மண்ணை நனைக்காமலே வெடிப்பு வழியாக ஆழத்துக்கு ஓடிவிடும். பிறகு களி நீர் குடித்து உப்பி, வாசலை மூடிக்கொள்ளும். கோடை உழவு வெடிப்புகளை உடைத்து, அந்த மழையை உழவடுக்கிலேயே நிறுத்துகிறது. பயிருக்கு அது நல்லது; ஆழத்து நீருக்கு அது இழப்பு. இரண்டும் ஒரே வேலையால் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அடுக்குகளின் விளையாட்டில் நம் பொதுப்புத்தியை அதிகம் ஏமாற்றுவது, நுண்மண்ணுக்குக் கீழே மணல் இருக்கும் நிலை. கீழே மணல் இருந்தால் நீரை உறிஞ்சி இழுத்துக்கொள்ளும் என்றுதான் நினைப்போம். நடப்பது வேறு. நிறையாத மண்ணில் நீரை நகர்த்துவது எடை மட்டும் அன்று, மண்துளையின் ஈர்ப்பும்தான் என்பதை எட்கர் பக்கிங்காம் 1907இல் கோட்பாடாக்கினார். நுண்துளை பலமாக இழுக்கும். பெருந்துளை மெல்லவே இழுக்கும். எனவே வண்டலில் இறங்கி வரும் ஈரம் மணலின் தலையில் வந்து நின்றுவிடுகிறது. மேலுள்ள வண்டல் ஏறத்தாழ முழுதும் நிரம்பிய பிறகே மணலுக்குள் சொட்டத் தொடங்குகிறது. 1950களின் இறுதியில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வால்டர் கார்ட்னர், இரு கண்ணாடிகளுக்கு நடுவே மண்ணை அடுக்கி இதைப் படமெடுத்துக் காட்டினார். ஒரு கண்ணாடித் தொட்டி, ஒரு படி வயல்மண், ஒரு படி ஆற்றுமணல் இருந்தால் வில்லியனூரின் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதை ஒரு பிற்பகலில் செய்து பார்க்கலாம்.

இதனால் இரண்டு நடைமுறை முடிவுகள் பிறக்கின்றன. சங்கராபரணிக் கரையில், வண்டல் மேலும் மணல் கீழுமாக உள்ள வயல், கீழே வரை வண்டலே உள்ள வயலைக் காட்டிலும் மேலடுக்கில் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதற்கு அடிக்கடி நீர் பாய்ச்சத் தேவையில்லை. இரண்டாவது, ஜல்லியும் மணலும் நிரப்பி மேலே மண்ணைப் போட்டு மூடிய செறிவூட்டுக் குழி பயன் தராது. குழியின் வாய் தேங்கும் நீரை நேரே தொட வேண்டும். வடிகட்ட மேலே மணலைப் பரப்பி, ஆண்டுதோறும் அதில் படியும் சேற்றை வழிக்க வேண்டும். வழிக்காத குழி இரண்டாம் மழையிலேயே வயலாகிவிடும்.

அப்படியானால் பாகூர் ஆழ்துளைக் கிணறுகளின் நீர் எங்கிருந்து வருகிறது? புதுச்சேரியில் தாமாகவே பொங்கிய ஆர்ட்டீசியக் கிணறுகளைப் பற்றி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் 1880இலேயே எழுதினார். நீர் மேலெழும்ப இரண்டு வேண்டும்: உயரமான இடத்தில் நீர் நுழையும் மணல் அடுக்கு, தாழ்ந்த இடத்தில் அதை மூடி அழுத்திப் பிடிக்கும் களி. உள்ளூர் மழையை உள்ளே விடாத அதே களிதான் கீழுள்ள நீரின் அழுத்தத்தைக் காத்தது. இங்குள்ள முதன்மை நீர்த்தாங்கியான கடலூர் மணற்கல் கிழக்கு நோக்கி மெல்லச் சரிந்து வண்டலுக்கு அடியில் செல்கிறது. பிரெஞ்சுக்காரர் சிவப்பு மலைகள் என்றழைத்த கோரிமேட்டு மேட்டு நிலத்திலும், வடமேற்கே திருவக்கரைப் பக்கத்திலும், தெற்கே கடலூர் கேப்பர் மலையிலும் அது வெளியே தலைகாட்டுகிறது. வில்லியனூர் கொம்யூனில் சேதராப்பட்டு, கரசூர் செம்மண் மேடுகள் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை. களி மூடிய ஊரின் ஆழத்து நீருக்கு வாசல் இத்தகைய மேடுகளில்தான் திறக்கிறது. அங்கே ஒரு ஏக்கருக்குச் சிமெண்டு பூசுவதும், நிரப்பு மண்ணுக்காகச் செம்மண்ணை வெட்டிச் செல்வதும் பல கி.மீ. தள்ளியுள்ள மோட்டாரில் விலையாகத் தெரியும். அந்த மேடுகளில் பெரும்பகுதி தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பது நிர்வாகச் சிக்கல். மண்ணடுக்குக்கு எல்லைக்கல் தெரியாது. ஊசுட்டேரி இரு ஆட்சிப் பகுதிகளிலும் கிடப்பதுபோலவே இதையும் இரு அரசுகளும் சேர்ந்துதான் காக்க வேண்டும்.

கடற்கரை ஊர்களான நரம்பை, பனித்திட்டு, மணப்பட்டுப் பகுதியின் மணல் இதற்கு நேர் எதிர். அங்கே மழை தடையின்றி இறங்கி, உப்புநீரின்மேல் மிதக்கும் நன்னீர்ப் படலமாக நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் நன்னீர் இருக்கும் என்பது கைபன், ஹெர்ட்ஸ்பெர்க் விதி. அந்த ஒரு மீட்டரை மோட்டார் உறிஞ்சினால் இழப்பது நாற்பது. இந்த மணலுக்கு நீரை உள்ளே விடும் தொல்லை இல்லை. எடுப்பதை அளவாக எடுப்பதே இதற்கான ஒரே மருந்து.

புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளை ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் சீரமைக்கும் திட்டம் 1999இல் தொடங்கியது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வேளாண் சிண்டிகேட்டுகள் மதகையும் வாய்க்காலையும் பார்த்துக்கொண்ட மரபு அதற்கு முன்னோடி. 2019இல் ‘நீரும் ஊரும்’ திட்டத்தின் கீழ் ஊர்க்குளங்கள் மீட்கப்பட்டன. இந்த உழைப்பைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. பங்காரு வாய்க்கால் வழியே தென்பெண்ணை நீர் பெறும் பாகூர் ஏரி, ஆயக்கட்டுக்கு நீர் தந்து மோட்டார் ஓடும் நாள்களைக் குறைத்தாலே நிலத்தடி நீருக்குப் பெரும் உதவி செய்துவிட்டது. எடுக்காமல் விட்ட நீரும் சேர்ந்த நீர்தான். அந்த ஏரியிடம் கேட்க வேண்டியது கசிவன்று, சேமிப்பு. களித்தளத்தை முழுவதும் வெட்டித் துளைத்துவிட்டால் ஏரியும் நிற்காது, ஆயக்கட்டும் நிற்காது.

கசிவைக் கேட்க வேண்டிய இடம் ஆற்றுப்படுகை. களி சூழ்ந்த இந்தச் சமவெளியில் சங்கராபரணியின் மணலும் தென்பெண்ணையின் மணலும்தான் நீருக்குத் திறந்த நீண்ட வாசல்கள். ஓடும் நீர் சில மணி நேரத்தில் கடலுக்குப் போய்விடும். படுகை அணை அதைச் சில வாரங்கள் மணல்மேல் நிறுத்துகிறது. மணலை அள்ளிவிட்டால் அணைக்குப் பின்னால் நிற்கும் நீருக்குக் கீழே போக வழி குறையும். அணை இல்லாவிட்டால் மணலுக்கு நேரம் இருக்காது. இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும்.

ஆகவே இனி எந்த ஏரியிலும் குளத்திலும் இயந்திரம் இறங்குமுன், நாலைந்து இடங்களில் துளையிட்டு மண்ணடுக்கைப் பார்த்து எழுதிவைக்க வேண்டும். களி எத்தனை அடி, மணல் எத்தனையாவது அடியில் என்பதை ஊரார் பார்க்கும்படி மதகருகே பலகையில் போட வேண்டும். முதல் பணமும் முதல் கவனமும் ஆற்றுப்படுகைக்கும் செம்மண் மேட்டுக்கும் போக வேண்டும். ஆற்றுப்படுகை எவ்வளவு கவனம் கேட்கிறது என்பதற்கு ஒரு சான்று போதும்: செல்லிப்பட்டுக்கும் பிள்ளையார்குப்பத்துக்கும் இடையே பிரெஞ்சுக்காரர் காலத்தில் கட்டிய படுகை அணை, 2021ஆம் ஆண்டு வெள்ளத்தில் உடைந்தது.