சந்திரா எழுதாத புத்தகம்

ஒரு துறையைப் பிடிப்பார், பத்து வருடம் போல அதிலேயே கிடப்பார், கடைசியில் தடித்த நூல் ஒன்றை எழுதிவைத்துவிட்டு அடுத்த துறைக்குப் போய்விடுவார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகரின், சுருக்கமாகச் சந்திராவின், வழக்கம் அது. விண்மீன் கட்டமைப்புக்கு 1939-இல், கதிர்வீச்சுப் பரிமாற்றத்துக்கு 1950-இல், பாய்மங்களின் நிலைத்தன்மைக்கு 1961-இல், கருந்துளைகளுக்கு 1983-இல் என்று நூல்கள் வந்தன. நோபல் பரிசையொட்டி எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் தம் ஆய்வு வாழ்க்கையை ஏழு காலங்களாகப் பிரித்திருக்கிறார். அந்த ஏழில், பாய்மங்கள் சுழன்று கலங்கி ஓடும் கொந்தளிப்பு இல்லை.

இத்தனைக்கும் 1949-இல் அமெரிக்க வானியல் கழகத்தின் ரஸ்ஸல் சொற்பொழிவுக்கு அவர் எடுத்த பொருளே அதுதான். அந்தத் துறைக்கு நூலுக்குப் பதிலாக மிஞ்சியது 1954 கோடையில் ஒரு மாணவர் எழுதிய தாள்கள்.

அந்தக் கோடையில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சந்திரா கொந்தளிப்பு பற்றி வகுப்பெடுத்தார். புதியவர்களுக்கு அரிச்சுவடி, தமக்கோ, எழுதவிருந்த கோட்பாட்டுக்கு ஒத்திகை. அந்த மாணவர், எட்வர்ட் ஸ்பீகல், ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் குறிப்புகளைச் செப்பமாக எழுதினார். ஆசிரியர் தாண்டிப்போன படிகளைத் தாமே போட்டு நிரப்பினார். போகிறபோக்கில் சொன்னவற்றையும் விடவில்லை. நல்ல மாணவன் வாய்ப்பது ஆசிரியருக்கு அடிக்கும் யோகம்தான்.

கணக்கின் முடிச்சை ஓர் ஆற்றை வைத்துப் பார்க்கலாம். யாங்கோனில் லத்தா வட்டாரத் தெருக்கள் தெற்கே போய் முடியும் இடத்தில் ஆறு ஓடுகிறது. ஆழம் 10 மீட்டர், வேகம் வினாடிக்கு 1 மீட்டர் என்று வைத்தால், ஓட்டம் எந்த அளவு கலங்கும் என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் ஒரு கோடியைத் தொடும். குழாயில் இரண்டாயிரத்துச் சொச்சத்திலேயே நீர் கலங்கத் தொடங்கிவிடும். அந்த ஆற்றில் ஒவ்வொரு சுழலையும் பின்தொடர முடியாது, சராசரிதான் எடுக்க முடியும். இரண்டு புள்ளிகளின் வேகங்களுக்குள் என்ன தொடர்பு என்று கேட்டால், சமன்பாடு மூன்று வேகங்களின் தொடர்பைக் கொண்டுவா என்கிறது. மூன்றைக் கேட்டால் நான்கு. எங்காவது ஓர் ஊகத்தைப் போட்டுச் சங்கிலியை அறுத்தாக வேண்டும்.

சந்திரா 1955-இல் ராயல் சொசைட்டி இதழில் அறுத்துக் காட்டினார்: வேகங்கள் இயல்நிலைப் பரவலில் இருப்பதுபோல் எண்ணி, நான்கின் தொடர்பை இரண்டிரண்டின் பெருக்கல்களாக எழுதினார். இயற்பியலாளர் ராபர்ட் கிரெய்க்னன் இரண்டே வருடத்தில் அதில் குறை கண்டார். அதே ஊகத்தில் நின்ற வேறு கணக்குகளை 1960-களின் தொடக்கத்தில் கணினியில் ஓட்டியபோது, சில அளவுச் சுழல்களின் ஆற்றல் சுழிக்குக் கீழே போனது. ஆற்றல் அப்படிப் போகாது. அதற்குள் சந்திரா துறை மாறியிருந்தார். அவருடைய 1961 நூல், ஓட்டம் நிலைகுலையத் தொடங்கும் கட்டத்தோடு நின்றுகொள்கிறது; முழுக் கொந்தளிப்புக்குள் அது நுழையவில்லை. தோல்வியைப் பற்றி அவர் வைத்த கருத்தாகவே அந்த எல்லையை நான் படிக்கிறேன்.

தாள்கள் மட்டும் இருந்தன. ஸ்பீகல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார், சூரியனுக்குள் நடக்கும் பாய்ம ஓட்டங்களை ஆராய்ந்து பெயர் வாங்கினார். சந்திரா 1995-இல் காலமானார். அவருடைய நூற்றாண்டையொட்டி, 2011-இல், ஸ்பிரிங்கர் பதிப்பகம் அந்தக் குறிப்புகளை ஒரு மெல்லிய நூலாக வெளியிட்டது. ஐம்பத்தேழு வருடம் கழித்து அச்சேறிய அந்தப் பாடங்களைப் புதுக் கண்டுபிடிப்புகளோடு பொருத்தி ஸ்பீகல் திருத்தியிருக்கலாம். 1954-இல் எழுதியபடியே கொடுத்துவிட்டார்.