கடனால் திசை மாறிய சிலுவைப் போர்



மதத்தின் பெயரால் நடந்த போர்கள் எல்லாம் மதத்திற்காகத்தான் நடந்தனவா? மத்திய கால வரலாற்றை விவாதத்திற்கு எடுத்துக்கொண்டால், முதலில் எழும் கேள்வி இதுதான். "பக்திதான் காரணம்" என்று ஒரு சாரார் சொல்வார்கள். "பதவியும் பணமும்தான் காரணம்" என்று மறுசாரார் சொல்வார்கள். இரு தரப்பும் யோசிக்க வேண்டிய ஒரு நிகழ்வை இன்று உங்கள் முன் வைக்கிறேன். அதுதான் 4ஆவது சிலுவைப் போர்.

1187ஆம் ஆண்டு சுல்தான் சலாவுதீன் ஜெருசலம் நகரைக் கைப்பற்றினார். அதை மீட்கப் புறப்பட்ட 3ஆவது சிலுவைப் போர், நகரைப் பிடிக்காமலேயே முடிந்தது. 1198இல் பதவியேற்ற போப்பாண்டவர் 3ஆம் இன்னசென்ட், மீண்டும் ஒரு படையெடுப்புக்கு அழைப்பு விடுத்தார். பிரான்ஸ் நாட்டுப் பிரபுக்களும் வீரர்களும் சிலுவைச் சின்னத்தைத் தோளில் தைத்துக்கொண்டு முன்வந்தார்கள். அவர்களில் பலருடைய பக்தி உண்மையானது. அதில் நமக்குச் சந்தேகம் வேண்டாம்.

ஆனால், கடலைக் கடக்கக் கப்பல் வேண்டுமே! கப்பல் இருந்தது வெனிஸ் நகர வணிகர்களிடம்.

ஒப்பந்தமும் கடனும்

1201இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 33,500 வீரர்களையும் 4,500 குதிரைகளையும் ஏற்றிச் செல்ல வெனிஸ் கப்பல் கட்டித் தரும். அதற்குக் கட்டணம் 85,000 மார்க் வெள்ளி. மார்க் என்பது அக்காலத்தில் வெள்ளியை நிறுக்கும் ஓர் எடை. இதுபோக, வெனிஸ் தன் பங்காக 50 போர்க்கப்பல்களை அனுப்பும். பிடிபடும் சொத்தில் பாதி அதற்குச் சேரும்.

அடுத்த ஆண்டு வெனிஸில் வந்து கூடியவர்களோ எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான். பிரபுக்கள் தங்கள் வெள்ளிப் பாத்திரங்களைக் கூடக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்படியும் ஏறக்குறைய 34,000 மார்க் பாக்கி நின்றது.

வெனிஸின் ஆட்சித் தலைவர் என்ரிகோ டாண்டலோ, பார்வை இழந்த முதியவர். ஆனால் கணக்கில் கெட்டிக்காரர். "கடனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வழியில் இருக்கும் சாரா நகரைப் பிடிக்க எங்களுக்கு உதவுங்கள்" என்பது அவர் வைத்த யோசனை. சாரா இன்று குரோஷியாவில் உள்ள சாடார் நகரம். அங்கு வாழ்ந்தவர்களும் கிறிஸ்தவர்களே. அந்நகரின் காவலராக இருந்த ஹங்கேரி மன்னரும் சிலுவைப் போருக்கு உறுதிமொழி எடுத்தவர்தான்!

போப்பாண்டவர் இதைத் தடை செய்து கடிதம் அனுப்பினார். சாரா மக்கள் தங்கள் மதில்களில் சிலுவைகளைத் தொங்கவிட்டார்கள். எதுவும் பலிக்கவில்லை. 1202 நவம்பரில் நகரம் வீழ்ந்தது. படையினர் திருச்சபையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள். பிரெஞ்சுப் படையினர் மன்னிப்புக் கேட்டு அதிலிருந்து மீண்டார்கள். வெனிஸ்காரர்களை விலக்கி வைத்த கடிதத்தையோ படைத் தலைவர்கள் வெளியிடாமல் வைத்துக்கொண்டார்கள்.

எதிர்த்துப் பேசியவர்களும் இருந்தார்கள். சைமன் டி மான்ட்ஃபோர்ட் என்ற பிரபு, "கிறிஸ்தவர்களை அழிக்க நான் வரவில்லை" என்ற நிலையெடுத்துப் படையை விட்டே விலகினார். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதே மனிதர் 1209க்குப் பிறகு, தெற்கு பிரான்சில் மாற்றுக் கொள்கை கொண்ட கிறிஸ்தவர்கள் மீது நடந்த கொடிய போருக்குத் தலைமை தாங்கினார் என்பதையும் வரலாறு பதிவு செய்திருக்கிறது.

எரிந்த தலைநகரம்

இந்த நேரத்தில்தான் பைசாந்தியப் பேரரசின் இளவரசர் அலெக்சியோஸ் வந்து சேர்ந்தார். அவருடைய தந்தையின் கண்களைப் பறித்து, அரியணையைப் பிடித்திருந்தார் பெரியப்பா. "என்னை அரியணையில் ஏற்றுங்கள். 2 லட்சம் மார்க் தருகிறேன், 10,000 வீரர்களைத் தருகிறேன், கிரேக்கத் திருச்சபையை ரோமாபுரிக்குக் கீழ்ப்படியச் செய்கிறேன்" என்று அவர் வாக்களித்தார். கடனில் தத்தளித்தவர்களுக்கு இது கரும்பு தின்னக் கூலி கொடுத்தது போல் ஆயிற்று!

1203இல் அவர்கள் கான்ஸ்டான்டிநோபிளைத் தாக்கி இளவரசரை அரசராக்கினார்கள். ஆனால் கஜானா காலி. தேவாலயப் பாத்திரங்களை உருக்கியும் பாதித் தொகையைத்தான் கொடுக்க முடிந்தது. சொந்த மக்களே வெகுண்டெழுந்தார்கள். 1204 தொடக்கத்தில் புதிய அரசர் கொல்லப்பட்டார். கடனும் அவரோடு போனது.

கிரேக்கருக்கும் மேற்கத்தியருக்கும் ஏற்கெனவே பகை இருந்தது. 1054இல் இரு திருச்சபைகளும் பிளவுபட்டிருந்தன. 1182இல் அதே தலைநகரில் மேற்கத்திய வணிகர்கள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டிருந்தார்கள். இப்போது அந்தப் பழைய புண் கிளறப்பட்டது. "கிரேக்கர்கள் ரோமாபுரிக்குப் பணியாதவர்கள். அவர்களோடு போரிடுவது பாவமல்ல" என்று படையோடு வந்த ஆயர்களே போதித்தார்கள். அதற்கு முன்பே, மார்ச் மாதத்தில், கொள்ளையை எப்படிப் பங்கிடுவது என்ற ஒப்பந்தம் எழுதி முடிக்கப்பட்டிருந்தது.

முதலில் பங்குக் கணக்கு, பிறகு மத விளக்கம். இந்த வரிசையைக் கவனியுங்கள்.

ஏப்ரல் 12ஆம் தேதி படையினர் மதிலைக் கடந்தார்கள். அதன் பின் 3 நாள் சூறையாடல். ஹகியா சோபியா பேராலயத்துக்குள் கோவேறு கழுதைகளை ஓட்டி வந்து பொருள்களை ஏற்றினார்கள் என்று, அதைக் கண்டு வாழ்ந்த கிரேக்க அதிகாரி நிக்கெட்டாஸ் கோனியாட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய குடும்பத்தைக் காப்பாற்றியது யார் தெரியுமா? அவருடைய நண்பரான ஒரு வெனிஸ் வணிகர்! பகைக்கு நடுவிலும் மனிதம் சாகவில்லை.

லாபம் யாருக்கு?

பேரரசின் எட்டில் மூன்று பங்கு வெனிஸுக்குப் போனது. கான்ஸ்டான்டிநோபிளின் தலைமை ஆயர் பதவியும் ஒரு வெனிஸ்காரருக்கே கிடைத்தது. அங்கிருந்து கொண்டுபோன 4 வெண்கலக் குதிரைகள் இன்றும் வெனிஸின் புனித மாற்கு பேராலயத்தில் இருக்கின்றன. பெரும்பாலான படையினர் ஜெருசலத்தைக் கண்ணால் கூடப் பார்க்கவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்!

போப்பாண்டவரும் முதலில் இந்த வெற்றியை வரவேற்றார். நடந்த அட்டூழியங்கள் தெரிய வந்த பிறகே கடுமையாகக் கண்டித்தார். 1261இல் கிரேக்கர்கள் நகரை மீட்டாலும் பேரரசு பழைய வலிமையைப் பெறவில்லை. 1453இல் அது ஒட்டோமான் துருக்கியரிடம் வீழ்ந்தது. 2001இல் ஏதென்ஸ் சென்ற போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், 1204இன் கொடுமைக்காக வருத்தம் தெரிவித்தார். அந்தக் காயம் ஆறிவிடவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நம்பிக்கை குற்றவாளி அல்ல. ஆனால் நம்பிக்கையோடு வந்த ஏழை வீரனை ஒப்பந்தமும் கடனும் வேறு வாசலுக்கு இழுத்துச் சென்றன. ஒவ்வொரு படியிலும் தடுத்துப் பேசிய குரல் இருந்தது. அது ஒவ்வொரு முறையும் ஒதுக்கப்பட்டது, அல்லது மறைக்கப்பட்டது. எனவே, மதத்தின் பெயரைச் சொல்லி யாராவது நம்மைப் பகைக்கு அழைத்தால் இரண்டு கேள்விகளைக் கேட்போம். இதற்குச் செலவு செய்வது யார்? இதில் லாபம் அடைவது யார்?

சிந்திப்போம். மீண்டும் சந்திப்போம்.