காலியாகக் கிடந்த 87-ஆம் நம்பர் வீடு

ஊரில் தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்குக் "கார உலோகங்கள்" ஞாபகம் இருக்கும். இங்கே சிபிஎஸ்இ பிள்ளைகளிடம் அப்படிச் சொன்னால் முழிப்பார்கள். அவர்களுக்கு அது ஆல்கலி மெட்டல்ஸ். பெயர் எதுவானாலும் குடும்பம் ஒன்றுதான்: லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபீடியம், சீசியம். கடைக்குட்டி பிரான்சியம். இந்தப் பதிவு அந்தக் கடைக்குட்டியைப் பற்றி.

முதலில் குடும்ப குணம். வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான். கீழே போகப் போக அணு பெரிதாகும், அந்த எலக்ட்ரான் கருவை விட்டுத் தள்ளிப் போகும், பிடி தளரும். அதனால்தான் தண்ணீரில் போட்டால் லித்தியம் சாதுவாக நுரைக்கிறது, சோடியம் உருகி உருண்டையாக ஓடுகிறது, பொட்டாசியம் ஊதாச் சுடருடன் பற்றிக்கொள்கிறது. சீசியம் என்றால் பாத்திரமே போச்சு! உருகுநிலையும் இறங்கிக்கொண்டே வரும். லித்தியத்துக்கு 180 டிகிரி, சீசியத்துக்கு 28.5தான். எங்கள் நாக்பூர் வெயிலில், மூடிய கண்ணாடிக் குழாய்க்குள் இருந்தாலும் உருகிவிடும்.

ஹம்ப்ரி டேவி 1807-ல் மின்சாரம் பாய்ச்சி பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தார். 1817-ல் லித்தியம். 1860, 61-ல் பன்சனும் கிர்ச்சாஃபும் நிறமாலையில் தெரிந்த புதுக்கோடுகளை வைத்தே சீசியத்தையும் ருபீடியத்தையும் கண்டுபிடித்தார்கள். சீசியத்துக்குக் கீழே இன்னொரு உலோகம் இருக்க வேண்டும் என்று மெண்டலீவ் சொல்லி வைத்தார். பிற்பாடு அந்த வீட்டுக்கு 87 என்று நம்பரும் விழுந்தது.

சும்மா விடுவார்களா? 1930-ல் அமெரிக்காவின் அலிசன் "வர்ஜீனியம்" என்றார். 1936-ல் பாரிஸில் ஹுலுபெய் "மால்டேவியம்" என்றார். ரெண்டுமே நிற்கவில்லை. இருவரும் தேடியது சீசியம் கிடைக்கும் கனிமங்களில். தம்பி அண்ணன் வீட்டில்தானே இருப்பான் என்ற கணக்கு. பார்த்தால் நியாயமான கணக்குதான், ஆனால் தம்பி தங்கியிருந்த வீடே வேறு.

1929-ல் மேரி க்யூரியின் பாரிஸ் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தவர் மார்கரித் பெரே. அப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட்டதால் ஆசைப்பட்ட மருத்துவம் படிக்க முடியவில்லை. கையில் இருந்தது வேதியியல் டெக்னீஷியன் டிப்ளமோ மட்டும். வேலை, ஆக்டினியத்தைச் சுத்தம் செய்வது. திரும்பத் திரும்ப அதே வேலை.

1939 ஜனவரியில், சுத்தம் செய்த கையோடு அளந்தபோது, முதல் சில நிமிடங்களில் கதிர்வீச்சு காரணமில்லாமல் ஏறுவதைக் கவனித்தார். ஆக்டினியத்தின் எண் 89. நூற்றில் ஏறக்குறைய ஓர் அணு ஆல்ஃபா துகளை விட்டு 87 ஆகிறது. அதன் அரை ஆயுள் 22 நிமிடம்! டீ குடித்துவிட்டு வந்து அளந்திருந்தால் பாதி போயிருக்கும்.

அது கார உலோகம்தான் என்பதற்கு அத்தாட்சி? சீசியம் உப்பைச் சேர்த்து பெர்குளோரேட்டாக வீழ்படியச் செய்தார். புதுசும் கூடவே வந்து படிந்தது. தேடுகிறவர்களை வழி தப்பவிட்ட அதே குடும்ப குணம்தான் இங்கே சாட்சி சொன்னது.

1946-ல் டாக்டர் பட்டம் வாங்கியபோது அதற்கு பிரான்சியம் என்று பெயர் வைத்தார். 1911-ல் மேரி க்யூரியையே சேர்க்க மறுத்த பிரெஞ்சு அறிவியல் அகாதமி, 1962-ல் பெரேயைத் தொடர்பு உறுப்பினராக ஏற்றது. 1666-ல் தொடங்கிய அந்த அமைப்பில் இடம் பெற்ற முதல் பெண் அவர்தான். அதற்குள் உடம்பு கெட்டிருந்தது, வருஷக்கணக்கில் கதிரியக்கப் பொருட்களோடு பழகியதன் பலன். பிரான்சியம் புற்றுநோயைக் கண்டறிய உதவும் என்று நம்பியவர், 1975-ல் புற்றுநோயால் இறந்தார்.

பி.கு.: குடும்பத்திலேயே முரடு பிரான்சியம்தான் என்று பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள். எலக்ட்ரானைப் பிடுங்க சீசியத்துக்கு 3.89 எலக்ட்ரான் வோல்ட் போதும், பிரான்சியத்துக்கு 4.07 வேண்டும். கரு அவ்வளவு கனமாகும்போது எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தோடு ஒப்பிடும் அளவுக்குப் போய்விடுகிறது. ஐன்ஸ்டைனின் சார்பியல் உள்ளே புகுந்து, கடைசி எலக்ட்ரானைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்கிறது.