வாகையின் இரண்டு நிறங்கள்

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது அரும்பாவூர். இங்கே செய்யப்படும் மரச்சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பிகள் எடுக்கும் மரங்களில் முக்கியமானது வாகை. அதை அறுத்துப் பார்த்தால் ஒரே மரத்தில் இரண்டு நிறம். நடுவில் அடர்பழுப்பு வைரம். வெள்ளைக்காரர்களின் மர வியாபாரத்தில் இதற்கு 'கிழக்கிந்திய வால்நட்' என்றே பெயர். சுற்றிலும் வெளிறிய வெள்ளை.

அந்த வெள்ளைக்கு நம்மூரில் என்றைக்குமே மரியாதை இருந்ததில்லை. அதில் மாவுச்சத்து அதிகம். வண்டு துளைத்துப் பொடியாக்கிவிடும். 'வெள்ளை ஓடியிருக்கு' என்றாலே மரத்தின் விலை இறங்கும். அதனால் மரத்துக்குப் பூச்சு என்றாலே நிறத்தைக் கூட்டுவதுதான் என்று ஆனது. வெள்ளையை வெள்ளையாகவே காட்டவேண்டும் என்கிற ஆசை ரொம்பப் புதுசு.

பழைய பூச்சுகளைப் பாருங்கள். அவலரக்கு, அரக்குப்பூச்சி சுரக்கும் பிசின். ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் தேய்ப்பார்கள். பாகவதர் காலத்து இசைத்தட்டுகளும் இதே அரக்கில் செய்தவைதான். இதை ஆராய 1924-லேயே ராஞ்சி அருகே நாம்கும் என்ற இடத்தில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அரக்கின் இயல்பான நிறம் ஆரஞ்சு. வெளுத்து, மெழுகு நீக்கிய வகைதான் வெளிர் மரத்துக்கு ஆகும். ஆளிவிதை எண்ணெய் காற்றில் காயும்போதே மஞ்சளாகத் தொடங்கும், இருட்டில் வைத்தால் இன்னும் வேகமாக. பக்கத்து அரியலூரில் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்காடுகள் உண்டு. முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயிலிருந்தும் வார்னிஷ் காய்ச்சலாம். பூச்சியை விரட்டும், ஆனால் நிறம் கறுப்புக்குப் போய்விடும்.

நிறமற்ற பூச்சுக்கான வேர்கள் 1930-களின் ஜெர்மனியில். 1933-ல் ஓட்டோ ரோம் அக்ரிலிக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1937-ல் ஓட்டோ பாயர் பாலியூரித்தேனைக் கண்டுபிடித்தார், இன்று கடையில் 'பி.யூ.' என்று கேட்கிறோமே, அது. ஆனால் எல்லா பி.யூ.வும் ஒன்றல்ல. அரோமாட்டிக் வகை வெளிச்சம் பட்டால் மஞ்சளாகும். அலிஃபாட்டிக் வகை ஆகாது. டப்பாவின் முன்பக்கம் இரண்டுமே 'கிளியர்'தான். வித்தியாசம் தெரிய விவரக்குறிப்பைப் படிக்கவேண்டும்.

சரி, மஞ்சளாகாத பூச்சு கிடைத்துவிட்டது, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. மரமே மஞ்சளாகும். மரத்தின் இழைகளைப் பிணைக்கும் லிக்னின், புற ஊதாக் கதிரை வாங்கி நிறம் மாறும். கண்ணாடி மாதிரி தெளிவான பூச்சு அந்தக் கதிரையும் உள்ளே விட்டுவிடும். அதனால் புற ஊதாத் தடுப்பு சேர்த்த பூச்சு வேண்டும். அதுவும் மாற்றத்தைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது.

வாகையில் சிக்கல் இரட்டிப்பு. நீரில் கரையும் அக்ரிலிக், வெள்ளையை அப்படியே வைக்கும். ஆனால் அதன் கீழே வைரம் உயிரில்லாமல் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். எண்ணெய்ப் பூச்சு வைரத்துக்கு ஆழம் தரும், வெள்ளையைப் பழுக்கவைக்கும். இரண்டு நிறமும் எதிரெதிராக நிற்பதுதான் வாகைச் சிற்பத்தின் அழகு. பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போது எந்தப் பக்கம் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது என்பதையும் சேர்த்தே முடிவுசெய்கிறோம்.

இரண்டு நிறமும் பிரிந்து நிற்கவேண்டுமென்றால் மெழுகு நீக்கிய வெளிர் அரக்கை முதலில் மெல்லிசாக ஒரு கை அடித்து, அதன்மேல் புற ஊதாத் தடுப்புள்ள நீர்ப்பூச்சு கொடுக்கலாம். அரக்கு வைரத்துக்குக் கொஞ்சம் சூடு தரும், வெள்ளையை அதிகம் தொடாது. முழுக்க வெளிறிய ரப்பர்மர மேஜை என்றால் அரக்கே வேண்டாம், நீர்ப்பூச்சு மட்டும் போதும். எதுவானாலும் அதே மரத்தின் துண்டு ஒன்றில் அடித்து, பாதியை அட்டையால் மூடி, ஒரு மாதம் ஜன்னலில் வையுங்கள். வண்டுக்கான மருந்தைப் பூச்சுக்கு முன்னாலேயே மரத்துக்கு ஏற்றிவிடவேண்டும். உள்ளே ஏற்கெனவே இருக்கும் வண்டை எந்தப் பூச்சும் கொல்லாது.