ஹார்ப்பரின் அறையும் மாடிப்படியும்

2021இல் நாங்கள் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருத்திக்கு கொட்டாஞ்சேனையில் வீடு. பழைய காலத்துத் தடிச்ச சுவர்கள். ரவுட்டர் முன் ஹோலில், ரீவிக்குப் பின்னால. பின்னறைக்கு சிக்னல் வராது. ஹோலில் அப்பாவுக்கு மீட்டிங். அந்த வருஷ சூம் வகுப்பு முழுக்க அவள் மாடிப்படியில இருந்துதான் படிச்சாள். வெள்ளவத்தை ஃபிளாட்டில் இருந்த எங்களுக்கு வேற பிரச்சினை: சிக்னல் முழுசாகக் காட்டும், ஆனா இரவு ஏழு மணியானால் டீச்சரின் குரல் உடைஞ்சு உடைஞ்சு வரும்.

பிழை எங்கே என்று தேடப்போய், கொழும்பின் வானொலி வரலாற்றுக்குள்ள போய் விழுந்தோம்.

1923இல் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் திணைக்களப் பொறியியலாளர், கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சின்ன அறையொன்றிலிருந்து கிராமபோன் இசையை ஒலிபரப்பிப் பார்த்தார். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் பாகங்களைக் கொண்டு அந்த ஒலிபரப்பியைச் செய்ததாகச் சொல்வார்கள். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. அப்போதைய ஒழுங்கு எளிமையானது: பேசுவது ஒரே இடம், கேட்பது பல வீடு. வானலை அரசின் சொத்து. வானொலிப்பெட்டி வைத்திருக்கவும் லைசன்ஸ் எடுக்க வேண்டும்.

இந்த ஒழுங்கை 1985இல் அமெரிக்கா ஓரிடத்தில் தளர்த்தியது. மைக்ரோவேவ் அடுப்பு போன்றவை இயங்கும் 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையிலும் வேறு சிலவற்றிலும் லைசன்ஸ் இல்லாமலே தொடர்பாடலாம் என்றது. அதிலிருந்துதான் 1997இல் 802.11 தரம் வந்தது. அப்போது உச்ச வேகமே செக்கனுக்கு 2 மெகாபிட். வைஃபை என்ற பெயர் 1999இல் வந்தது.

அதாவது இப்ப ஒவ்வொரு வீடும் ஒரு ஒலிபரப்பு நிலையம். யாருக்கும் சொந்தமில்லாத காற்று எல்லாருக்கும் சொந்தம். அங்கதான் சிக்கல். 2.4 பட்டையில் 13 சனல் இருந்தாலும் ஒன்றோடொன்று முட்டாதவை 1, 6, 11 என்ற மூன்றுதான். ஒரே சனலில் இருப்பவர்கள் முறை வைத்துத்தான் பேசலாம். இரவு எல்லாரும் வீட்டில் என்றால் வரிசை நீளும்.

நாங்கள் முதலில் லப்டொப்பை வயரால் ரவுட்டரோடு இணைத்துப் பார்த்தோம். வேகம் சரியாக வந்தது. அப்போ பிழை லைனில் இல்லை, காற்றில். ஃபோன் அப் ஒன்றில் பார்த்தால் ஃபிளாட்டில் பாதிப் பேர் 6இல். நாங்கள் 1க்கு மாறினோம், பக்கத்து வீட்டு அன்ரியை 11க்கு மாற்றிவிட்டோம். ரவுட்டர் இருக்கும் அறையில் 5 கிகாஹேர்ட்ஸைப் பாவித்தோம். அதில் நெரிசல் குறைவு, ஆனா சுவர் தாண்டினால் சிக்னல் குறையும்.

கொட்டாஞ்சேனையில் தேவைப்பட்டது ஒரு நீள வயர் மட்டும். ரவுட்டர் வீட்டின் நடுவுக்கு, அலுமாரி மேல போனது. பின்னறையில் வகுப்பு கேட்டது.

ஆனா அதுக்குள்ள எக்ஸாம் கிட்ட வந்திட்டுது. லைன் போட வந்தவர் வாசலுக்குக் கிட்ட வைத்த பெட்டியை ஒருத்தரும் நகர்த்த நினைக்கவில்லை. படியில் இருந்தவளை நகர்த்தலாம் என்றும் யாரும் யோசிக்கவில்லை. உங்கட வீட்டிலும் யாராவது படியில் இருந்தால், இன்றைக்கே ரவுட்டரைத் தூக்கி வையுங்கோ.